‘அச்சு அசல் அதே என்ஜின்தானுங்க!’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிக்கப் வண்டி வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயரைப் பார், சேஸில் துரு இருக்கிறதா பார், ஆர்.சி.யில் எத்தனையாவது கை என்று பார், இதெல்லாம் சரிதான். ஆனால் கடைசிப் பத்தியில், என்ஜின் போன வண்டியாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கி ஒரு ரீகண்டிஷன் என்ஜினை (பழையதைப் பிரித்துப் புதுப்பித்துக் கட்டியது) தூக்கி மாட்டினால் மூன்றே நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நம்பி யாராவது பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு முன்னால் என் கதையையும் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவன். வாழைத்தார், வைக்கோல், சிமெண்டு, கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவேன். சீசனில் தாளவாடிக்குப் போய் முட்டைக்கோஸ் ஏற்றி வருவேன். வண்டி 2013 மாடல், இரண்டாவது கையாக வாங்கியது. வண்டிக் கம்பெனி பேரும் வேண்டாம், பட்டறை பேரும் வேண்டாம், யாரையும் சந்தியில் இழுக்க இதை எழுதவில்லை.

போன வருசம் ஆடி நோம்பி முடிந்த வாரம், மாட்டுத்தீவன மூட்டையோடு திம்பம் ஏறிக்கொண்டிருந்தேன். 27 கொண்டை ஊசி வளைவு, தெரிந்த பாதைதான். பாதி மலை ஏறும்போது ஆயில் லைட் மினுக் மினுக்கென்றது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறினேன். இது முழுக்க என் தப்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னும் நாலு வளைவு போவதற்குள் அடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ‘டொக் டொக்’ என்று சத்தம், அப்புறம் ஒரே இழுப்பு, என்ஜின் பிடித்துக்கொண்டது. கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்து சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) கழற்றினால் பேரிங் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது.

மெக்கானிக் தம்பி இரண்டு வழி சொன்னான். ஒன்று, இதே என்ஜினைப் பிரித்து லேத்துக்கு அனுப்பி, போர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி), கிராங்க் கிரைண்டிங் போட்டு (கிராங்க் தண்டைச் சாணை பிடித்து), புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டுக் கட்டுவது. 75,000 ரூபாய் ஆகும், மூன்று வாரம் ஆகும். இன்னொன்று, கோயம்புத்தூரில் ஏற்கெனவே கட்டிவைத்திருக்கும் என்ஜின் ஒன்றை வாங்கி மாட்டுவது. விலை 80,000, இறக்கி ஏற்றக் கூலி 12,000, மூன்று நாளில் வண்டி. வண்டி நின்றால் வட்டி நிற்காதே! மூன்று வாரம் வாடகை போய்விடும் என்று கணக்குப் போட்டு இரண்டாவது வழியில் போனேன்.

கடைக்குப் போனால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு என்ஜின், எல்லாம் சில்வர் பெயிண்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. என் வண்டி மாடலைச் சொன்னதும் கடைக்காரர் ஒன்றைக் காட்டி, “அச்சு அசல் அதே என்ஜின்தானுங்க, ஜீப்புல இருந்தது, உங்க வண்டிக்குக் கண்ண மூடிட்டு உக்காரும்” என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதே கம்பெனி, அதே பிளாக், அதே சி.சி. ஒரே என்ஜினைத்தான் ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் வேனுக்கும் போடுகிறார்கள். ஆனால் பிளாக் ஒன்றாக இருந்தாலும் அதைச் சுற்றி மாட்டியிருக்கும் சாமான் ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். கடையில் நின்றபோது எனக்கு இது தெரியாது. “பில் போட்டா வரி சேருமுங்க, வேணுமா?” என்று கேட்டார், வேண்டாம் என்று நானே தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் சிக்கல், ஜீப் என்ஜினின் ஆயில் சம்ப். அதன் தொந்தி முன்பக்கம் இருந்தது, என் வண்டியின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. சரி, பழைய என்ஜின் சம்ப்பைக் கழற்றி இதற்கு மாட்டினார்கள், கூடவே உள்ளே இருக்கும் ஸ்ட்ரெயினர் பைப்பையும் மாற்றினார்கள். அதுவரை அந்தத் தம்பிக்கு வேலை தெரிந்திருந்தது. சம்ப்பை மட்டும் மாற்றி ஸ்ட்ரெயினரை விட்டுவிட்டால், ஆயில் ஓரிடத்திலும் உறிஞ்சும் வாய் வேறிடத்திலும் இருக்கும், மேடு ஏறும்போது ஆயிலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் தெரியவே தெரியாது. மவுண்டிங் பிராக்கெட்டும் என் பழையதுதான், ஃப்ளைவீலும் பழையதுதான். செல்ஃப் மோட்டார் பல்லுக்கும் ஃப்ளைவீல் பல்லுக்கும் சேரவேண்டும், கிளட்ச் பிளேட்டின் விட்டமும் நடுவிலிருக்கும் பல்லும் கியர் பாக்ஸ் ஷாஃப்டுக்குச் சேரவேண்டும் என்பதால் இதையெல்லாம் பழைய வண்டியிலிருந்தே எடுத்துப் போடுவதுதான் முறை. மூன்றாம் நாள் சாயங்காலம் செயின் பிளாக்கில் என்ஜினைத் தொங்கவிட்டு, இரண்டு பேர் ஆட்டி ஆட்டித் தள்ளி, கியர் பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே போனதும் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: “உக்காந்துருச்சுங்கண்ணா!”

இந்த ‘உக்காந்துருச்சு’ என்கிற வார்த்தையைக் கேட்டால் இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஸ்டார்ட் ஆனது, நன்றாகவே ஓடியது. மூன்று நாள் கழித்து, கீழ்பவானி வாய்க்கால் பாலத்துக்கு இறங்குகிற சரிவில் வாழைத்தார் லோடோடு வருகிறேன். எதிரே பால்காரர் ஒருவர் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு பாலத்தின் நடுவில் வருகிறார். பிரேக்கை மிதித்தால் பெடல் கருங்கல் மாதிரி நிற்கிறது. இரண்டு காலையும் வைத்து எழுந்து நின்று மிதித்தேன், கை பிரேக்கையும் இழுத்தேன், வண்டி அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் என்னை என்னென்ன திட்டினார் என்பதை இங்கே எழுத முடியாது, எனக்கும் கை நடுக்கம் நிற்க ஒரு டீ ஆயிற்று.

காரணம் என்ன தெரியுமா? என் வண்டியில், நாம் மிதிக்கிற விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை (வெற்றிடத்தை) உண்டாக்கும் பம்ப், டைனமோவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல டீசல் வண்டிகளில் இப்படித்தான். டைனமோ சுற்றும்போது அதுவும் சுற்றும், அது தேயாமலிருக்க என்ஜினிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு பைப் வழியாக ஆயில் போகும், இன்னொரு தடித்த குழாய் வழியாக அந்த ஆயில் சம்ப்புக்குத் திரும்பும். அந்த ஜீப் என்ஜினில் வேக்குவம் பம்ப் இருந்த இடமே வேறு, அதனால் இந்த மெல்லிய பைப் மாட்டவேண்டிய ஓட்டையை ஒரு போல்ட் போட்டு அடைத்து அதன்மேலேயே சில்வர் பெயிண்ட்டும் அடித்துவிட்டார்கள். பட்டறையில் என் பழைய டைனமோவை அப்படியே மாட்டிய பையன், ஆயில் பைப்புக்கு இடம் கிடைக்காமல் அதை மடக்கி ஒயரோடு சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறான். சொட்டு ஆயில் இல்லாமல் மூன்று நாள் சுற்றிய பம்ப் உள்ளுக்குள்ளே தேய்ந்து செத்துவிட்டது. அந்த போல்டைக் கழற்றி பைப்பை மாட்டுவது பத்து நிமிச வேலை. அது தெரியாமல் போனதற்குப் புது டைனமோவும் பம்ப்பும் சேர்த்து 9,500 ரூபாய். பால்காரர் பிழைத்தது கடவுள் புண்ணியம்.

அடுத்த வாரம் வேறொரு சத்தம் ஆரம்பித்தது. கிளட்ச்சை மிதித்தால் ‘ஙொய்ங்’ என்று ஒரு முனகல், முதல் கியர் விழும்போது கரகரவென்று அரைப்பு. இந்தமுறை வேறு இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் நாற்பது வருசமாக டீசல் என்ஜின் மட்டுமே பார்க்கிறவர். சத்தத்தைக் கேட்டுவிட்டு, “ஏங் கண்ணு, பைலட் பேரிங் போட்டாங்களா?” என்றார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கிராங்கின் பின்முனையில், கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு உட்காருகிற இடத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன பேரிங் இருக்கிறது. ரீகண்டிஷன் என்ஜினில் அதைப் போடாமலே விற்றிருக்கிறார்கள், பட்டறையிலும் யாரும் விரலை விட்டுப் பார்க்கவில்லை. சில நூறு ரூபாய் சாமானுக்காக மறுபடியும் கியர் பாக்ஸை இறக்கி, அதற்குள் கெட்டுப்போன கிளட்ச் செட்டையும் மாற்றி 11,500 ஆயிற்று.

கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே பெரியவர் இன்னொன்று கேட்டார், இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதனால்தான் என்றுகூடச் சொல்லலாம். “பழைய என்ஜின் பேரிங் நொறுங்கித்தானே செத்துச்சு? ஆயில் கூலரை என்ன பண்ணினாங்க?” கூலரையும் ஃபில்டர் உட்காருகிற அடிப்பகுதியையும் பழைய என்ஜினிலிருந்து கழற்றி மேலே மட்டும் துடைத்து இதில் மாட்டியிருந்தார்கள். அவர் கூலரைக் கழற்றி உள்ளே டீசலை ஊற்றிக் குலுக்கி, தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் கவிழ்த்தார். துண்டில் பட்டுச் சேலை ஜரிகை உதிர்ந்த மாதிரி பளபளவென்று பொடி. அத்தனையும் என் பழைய என்ஜினின் பேரிங்! ஃபில்டர் கொஞ்சத்தைப் பிடித்திருக்கிறது, மீதி எப்போது வேண்டுமானாலும் புது பேரிங்குக்குள் போயிருக்கும். “கழுவிப் போடலாமா?” என்று கேட்டேன். “இதையெல்லாம் கழுவுறதுன்னு ஒன்னு கிடையாது கண்ணு, சந்து சந்தா ஒட்டிக்கிட்டிருக்கும், தூக்கிக் கடாசிட்டு வேற போடு” என்றார். வேறு கூலர் 4,000. டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும் கழற்றி ஊதச் சொன்னார், அதிலும் கொஞ்சம் வந்தது.

மொத்தம் 1,17,000 ரூபாய், மூன்று நாள் என்றது முப்பத்தொரு நாள். என் சொந்த என்ஜினையே பிரித்துக் கட்டியிருந்தால் 75,000, மூன்று வாரம். இதை நான் வீட்டில் கணக்குப் போட்டுக் காட்டவில்லை, வீட்டுக்காரி தானே போட்டுக்கொண்டாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், என்ஜினைக் கட்டியவரின் வேலை மோசமில்லை. புகை இல்லை, இழுவை நன்றாக இருக்கிறது, ஆயில் மூடியைத் திறந்துவைத்தால் பேக் கம்ப்ரஷன் (உள்ளேயிருந்து காற்று) அடிப்பதில்லை. என் புகார் வேறு. உள்ளே என்ன அளவில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. சிலிண்டரைப் போர் பண்ணினால் பிஸ்டனும் ரிங்கும் ஓவர்சைஸ் போடவேண்டும், 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாக ஏறும். கிராங்கைக் கிரைண்டிங் பண்ணினால் பேரிங் அண்டர்சைஸ். இரண்டு வருசம் கழித்து ரிங் மாற்ற வேண்டி வந்தால் எந்த சைஸ் என்று கடையில் கேட்பேன்? பிரித்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே 1.00-க்குப் போன பிளாக் என்றால் அடுத்தமுறை போர் பண்ண உடம்பே இருக்காது, லைனர் (சிலிண்டருக்குள் புது உருளை) இறக்கவேண்டும். அதைக் கடைசிப் படியில் இருக்கும் என்ஜின் என்று தெரிந்தே நான் வாங்கியிருப்பேனா? விலையாவது குறைத்துப் பேசியிருப்பேன்.

ஹெட் கேஸ்கெட் சமாச்சாரமும் அப்படித்தான். பல டீசல் என்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக் மட்டத்தைவிட ஒரு மயிரிழை எட்டிப்பார்க்கும். எவ்வளவு எட்டிப்பார்க்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளந்து, அதற்கேற்ற கனத்தில் கேஸ்கெட் போடவேண்டும். கனம் தெரிவதற்காக ஓரத்தில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு என்று அடையாளம் வைத்திருப்பார்கள். பிளாக் மட்டத்தை ஃபேஸிங் பண்ணிய என்ஜினுக்குப் பழைய கனத்திலேயே கேஸ்கெட் போட்டால் பிஸ்டன் மேலே போய்த் தட்டும், வேண்டியதைவிட அதிக கனத்தில் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து வெள்ளென எழுந்து ஸ்டார்ட் பண்ணும்போது உயிரை வாங்கும். என் என்ஜினில் எத்தனை வெட்டு கேஸ்கெட் இருக்கிறது? போட்டவருக்குத்தான் தெரியும்.

1920-இல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஓட்டித் தொழிலை ஆரம்பித்த ஜி.டி. நாயுடுவின் மண் இது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி எங்கெங்கோ போய் ஆழ்துளை போடுகிறது, நாமக்கல்லுக்கு லாரி பாடி கட்ட வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள், கோயம்புத்தூர் லேத்காரர் ஒருவர் நகத்தால் தடவியே தேய்மானம் சொல்லுவார். இவ்வளவு கைவேலை தெரிந்த ஊரில், போர் இவ்வளவு, கிராங்க் இவ்வளவு, ஹெட் இவ்வளவு சீவியது, கேஸ்கெட் இத்தனை வெட்டு, எந்த வண்டியிலிருந்து எடுத்தது, எந்தெந்த சாமான் இதோடு வரவில்லை என்று ஆறு வரி எழுதித் தர என்ன கஷ்டம்? கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன என்று அந்தப் பெரியவர் சொன்னார். நாம் கேட்பதில்லை, அதுதான் விஷயம்.

இதுவரை சொன்னது பம்ப்-நாசில் போட்ட, கம்ப்யூட்டர் இல்லாத பழைய காலத்து என்ஜின். இதிலேயே பம்ப்பை எந்த வண்டிக்காக காலிபரேஷன் பண்ணியது என்று பார்க்கவேண்டும், ஜீப்புக்கு வைத்த டீசல் அளவு லோடு வண்டிக்குச் சேராது. ஆனால் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து டீசல் விடுகிற காமன் ரெயில் வண்டியில் மாட்டிக்கொண்டால் இதைவிடக் கொடுமை. பெருந்துறையில் இருக்கும் என் மச்சினன் வண்டி 2018 மாடல், அதாவது புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி பி.எஸ். 4. விபத்தில் நொறுங்கிய 2021 வண்டியின் என்ஜின் மலிவாக வருகிறது என்று வாங்கிவிட்டான். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. அந்தத் தேதிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு என்ஜின், வெளியில் பார்த்தால் அண்ணன் தம்பி, ஒயரிங்கில் பார்த்தால் ஒறம்பரைகூடக் கிடையாது. சென்சார் சாக்கெட் சேரவில்லை, புகைக்கூண்டுப் பக்கம் இருக்கும் சாமான்கள் சேரவில்லை. கடைசியில் பழைய என்ஜினின் சென்சார், இன்ஜெக்டர், ஒயரிங் எல்லாவற்றையும் இதற்கு மாற்றி ஸ்டார்ட் பண்ணினால், வண்டி நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீட்டு நம்பர் பொறித்திருக்கும், எந்த சிலிண்டரில் எந்த நம்பர் என்று ஸ்கேனர் வைத்து ஈ.சி.எம்.மில் (என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில்) ஏற்றவேண்டும். கழற்றி மாட்டும்போது இரண்டு இன்ஜெக்டர் இடம் மாறிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள். அவன் கதையை அவனே எழுதட்டும், நான் என் கதைக்கு வருகிறேன்.

பில் வேண்டாம் என்று தலையாட்டினேன் அல்லவா? எட்டு வருசத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கவேண்டும். போன முறை எடுக்கப் போனபோது ஆய்வாளர் பிளாக்கில் ஒட்டியிருந்த சில்வர் பெயிண்டைச் சுரண்டி நம்பரைப் பார்த்தார், ஆர்.சி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறதென்றால், என்ஜினை மாற்றினால் பதினாலு நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். நான் பட்டறையில் கிடந்ததே முப்பத்தொரு நாள்! சரி, இப்போதாவது பதிகிறேன் என்றால், என்ஜின் எங்கே வாங்கியது, பில் எங்கே என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி திருட்டு வண்டியா என்று எனக்கே தெரியாது. கடைக்காரரிடம் போனால் இவ்வளவு நாள் கழித்து பில் போட முடியாது என்கிறார். இன்சூரன்ஸ் பாலிசியிலும் பழைய என்ஜின் நம்பர்தான் இருக்கிறது, நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் அவர்கள் முதலில் பிடிக்கப்போவது அதைத்தான். இந்த நேரத்தில் ஒரு புண்ணியவான், “நம்பரைத் தேச்சுட்டு உங்க பழைய நம்பரையே அடிச்சுத் தர்றேனுங்க, 3,000 கொடுங்க போதும்” என்றார். வீட்டில் சொன்னேன். “ஏனுங்க, வண்டி ஓட்டறது போதாதுன்னு கம்பி எண்ணப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆகவே ஐயா, உங்கள் கட்டுரையில் அந்த வரியை இப்படித் திருத்திப் போடலாம். பிளாக் உடையாத வரைக்கும் சொந்த என்ஜினையே கட்டுங்கள். என்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது, அதனால் ஆர்.சி.யும் இன்சூரன்சும் தானாகவே ஒத்துப்போகும். சம்ப், டைனமோ, பைப், பிராக்கெட் எதுவும் மாறாது, சேருமா சேராதா என்கிற கேள்வியே வராது. மூன்று வாரம் வாடகை போகும், போகட்டும். பிளாக்கில் கை வைக்க முடியாத அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது என்றால் மட்டும் வேறு என்ஜின் பாருங்கள், அதுவும் ஹாஃப் என்ஜினாக (மேல் சாமான் இல்லாத பிளாக்காக) வாங்கி மேல் சாமானையெல்லாம் உங்கள் பழையதிலிருந்தே போடுங்கள். வாங்குவதற்கு முன்னால் பழைய என்ஜினையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒவ்வொரு ஓட்டை இருக்கிறதா, எதிலாவது போல்ட் போட்டு அடைத்திருக்கிறதா, கிராங்க் முனையில் பேரிங் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போனால் போதாது, போட்டோவில் எல்லா என்ஜினும் ஒன்றுதான். முடிந்தால் ஸ்டாண்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள், கம்ப்ரஷன் கேஜ் வைக்கச் சொல்லுங்கள். 350, 400 பி.எஸ்.ஐ. என்று காட்டும், ஆனால் நாலு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு வருகிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கவேண்டும். என்ஜின் கீழே இருக்கும்போதே பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங் இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், பிறகு அதற்காக மறுபடி கியர் பாக்ஸ் இறக்கவேண்டாம். முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள், அதுவரை திம்பம் பக்கம் லோடோடு போகாதீர்கள். பில் வாங்குங்கள், வரி எவ்வளவு ஆனாலும்.

பழைய பிளாக் ஒரு வருசமாக எங்கள் சாளையில் கோழி முட்டையிடும் இடமாகக் கிடந்தது. போன வாரம் கோழியை எழுப்பிவிட்டு அதை அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மெயின் பேரிங் உட்காருகிற இடத்தில் லேசாகக் கீறல் இருக்கிறது, லைன் போரிங் பண்ணினால் (அந்த இடங்களை ஒரே நேர்க்கோட்டில் கடைந்தால்) சரியாகிவிடும் என்றார். வாங்கிய என்ஜினிலிருந்து கிராங்க், ராடு, ஹெட் எல்லாவற்றையும் பிரித்து என் பழைய பிளாக்கில் கட்டிவிடலாம், நம்பர் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கும், பிஸ்டன் மட்டும் இந்தப் பிளாக்கின் அளவுக்குப் புதிதாக வாங்க வேண்டும் என்கிறார். கூலி பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை வண்டியைக் கொண்டுபோய் விடவேண்டும். போர் அளவும் கேஸ்கெட் வெட்டும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு, “தர்றன் கண்ணு, நீ கேட்டுட்டில்ல” என்றார்.

இப்படிக்கு,
சொந்த வண்டிக்காரன் ஒருவன்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.